பார்வைக்கு மூளை தரும் பதில்: இ.இ.ஜி.யில் பி100 அலையைப் பிடிப்பது எப்படி?

திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சட்டென்று நிறம் மாற்றிக்கொள்கின்றன. ஏறக்குறைய 100 மில்லிவினாடி கழித்து, பின்மண்டையில் ஒரு சிறிய மின் அலை எழுகிறது. அதுதான் பி100 ('பி' என்றால் நேர்மின் அலை, 100 என்பது அந்த மில்லிவினாடி). தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யில் இதைப் பிடிக்கலாம். உயரம் சுமார் 10 மைக்ரோவோல்ட். மூளையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அலைகள் இதைவிடப் பெரியவை என்பதால், ஒரே பதிவில் இதைத் தேடினால் கிடைக்காது.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். வலிப்பு வந்தவர்களுக்கு இதைச் செய்ய வேண்டாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

படி 1: மின்முனை
மூக்கின் வேர்ப் பள்ளத்திலிருந்து, உச்சந்தலை வழியாக, பின்மண்டையில் கைக்குத் தட்டுப்படும் மேடு வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 செ.மீ. வந்தால் மேட்டிலிருந்து 3.5 செ.மீ. மேலே, முதல் மின்முனை. ஒப்பீட்டு முனை முன்னுச்சியில், தரை முனை காது மடலில். முடியை நன்றாக விலக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைத்த பிறகே ஜெல் வையுங்கள். மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே வரட்டும். கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள்: பெரும்பாலோருக்கு நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை தெரியும். தெரிந்தால் இணைப்பு சரி.

படி 2: கட்டங்கள்
திரையிலிருந்து 57 செ.மீ. தள்ளி உட்காரவைத்தால், 1 செ.மீ. கட்டம் கண்ணுக்கு ஏறக்குறைய 1 பாகை. கணக்குப் போடும் வேலை மிச்சம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்வை அதை விட்டு நகரக்கூடாது.

கட்டங்களைச் சரியாக அரை நொடிக்கு ஒருமுறை மாற்றாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். அழகான அலை வந்தது, ஆனால் அது மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்! அரை நொடியில் அது சரியாக 25 சுற்று முடிப்பதால், எத்தனை முறை சராசரி எடுத்தாலும் அழியாது. இடைவெளியை 500 முதல் 700 மில்லிவினாடிக்குள் கலைத்துப் போடுங்கள்.

படி 3: நேரக்குறி
கட்டம் மாறும் நொடி பதிவில் குறிக்கப்பட வேண்டும். மென்பொருள் ஆணையிடும் நேரமும் திரை உண்மையில் மாறும் நேரமும் ஒன்றல்ல. திரை ஓரத்தில் ஓர் ஒளி உணரியை ஒட்டி, அதன் சமிக்ஞையைக் குறியாக வையுங்கள். இதை விட்டுவிட்டு, 'அலை 130-இல் வருகிறதே, நரம்பில் கோளாறோ' என்று பயந்துகொள்ள வேண்டாம்.

படி 4: சராசரி
1 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை மட்டும் விடும் வடிகட்டி. ஒவ்வொரு குறிக்கும் 100 மில்லிவினாடி முன்னிருந்து 300 பின் வரை வெட்டுங்கள். 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய துண்டுகள் பெரும்பாலும் கண்சிமிட்டல், தூக்கி எறியுங்கள். மீதியைக் கூட்டிச் சராசரி எடுங்கள். இரைச்சல், துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும்: 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் 100 துண்டுகளில் 2 ஆகிவிடும். சில மென்பொருள்கள் நேர்மின்னழுத்தத்தைக் கீழ்நோக்கி வரையும், படம் தலைகீழாக இருந்தால் அச்சைப் பாருங்கள்.

அலை தெரிந்துவிட்டதா? இப்போது ஓர் அட்டையால் கட்டங்களை முழுக்க மறைத்து, உணரியை அட்டைக்குப் பின்னால் திரையில் ஒட்டியபடியே விட்டு, எல்லாவற்றையும் அப்படியே மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அதே மேடு வந்தால், நீங்கள் பிடித்தது மூளையை அல்ல; கம்பியை.