ரெண்டு சென்சாருக்கும் ஒரே மணி வெக்கிறது எப்படி? தேவனாம்பட்டினம் மணல்ல செஞ்சு பாத்தது

ரெண்டு சென்சாருக்கும் ஒரே மணி வெச்சு, சத்தத்தால நடுவுல இருக்க தூரத்தையும் அளக்கணும். ரெண்டு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு, இதான் நம்ம சென்சார்), போர்டுக்கு பீப் அடிக்க ஒரு பஸ்ஸர் ஒரு மைக், அளக்குற டேப் ஒண்ணு, இது இருந்தா கடலூர் சில்வர் பீச்சுல ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம்.

ரெண்டையும் ஒண்ணா ஆன் பண்ணாலும் மணி ஒண்ணா ஓடாது. உள்ள நேரத்த எண்ணுற கிரிஸ்டல் 10 லட்சத்துக்கு 20 பங்கு முன்ன பின்ன போறது சகஜம், அதுவே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட் ஆயிடும்.

ஒரு போர்டு ஏ, இன்னொண்ணு பி. மொதல்ல ஏ வைஃபைல ஒரு மெசேஜ் அனுப்பட்டும், அனுப்புன நேரம் டி1. பி-க்கு கிடைச்ச நேரம் டி2, பி பதில் அனுப்புனது டி3, ஏ-க்கு வந்து சேந்தது டி4. உதாரணமா 1000, 6300, 6400, 1700, எல்லாம் மைக்ரோ செகண்ட். போனது (டி2-லேந்து டி1 கழிச்சா) 5300, வந்தது (டி4-லேந்து டி3 கழிச்சா) மைனஸ் 4700. மைனஸ பாத்து குழம்பாதீங்க, பி-யோட மணி முன்னாடி ஓடுது, அவ்ளோதான். போனதுலேந்து வந்தத கழிச்சு பாதியாக்குனா 5000, அதான் மணி வித்தியாசம். ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா 300, அது ஒரு வழி தாமதம். போக வர ஒரே நேரம் ஆகும்னு நம்பித்தான் இந்த கணக்கே, ஆனா வைஃபை சில சமயம் லைன்ல காத்துக் கெடக்கும், அதனால 10 தடவ அனுப்பி தாமதம் கம்மியா வந்தத மட்டும் எடுத்துக்கோங்க.

அந்த 300-அ வெச்சே தூரம் கண்டுபிடிக்கலாமேன்னு தோணும், முடியாது. ரேடியோ 1 மைக்ரோ செகண்டுல 300 மீட்டர் ஓடிடும், இந்த 300-ல முக்கால்வாசி போர்டு உள்ளயே கழிஞ்ச நேரம். தூரத்துக்கு சத்தம்தான் சரி, 30 டிகிரி வெயில்ல செகண்டுக்கு 349 மீட்டர். ஏ பீப் அடிச்ச நேரத்தையும் பி கேட்ட நேரத்தையும் ஒரே மணிக்கு மாத்தி (பி-யோட நேரத்துலேந்து மணி வித்தியாசத்த எடுத்துட்டு) கழிச்சு 349-ஆல பெருக்குங்க.

நான் ஒரு தடவ மணி வெச்சுட்டு, டேப் புடிச்சு 5 மீட்டர் அளந்துட்டு வந்து பாத்தா 80 சென்டிமீட்டர் தப்பு காட்டுது. ஒரு நிமிஷத்துல ரெண்டு கிரிஸ்டலும் எதிரும் புதிருமா நகந்திருக்கு. செகண்டுக்கு ஒரு தடவ மணி வெச்சதும் தப்பு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள வந்துடுச்சு.

அப்புறம் கடக்காத்து. அது சத்தத்த ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும், அதனால பி-யும் திருப்பி ஒரு பீப் அடிக்கட்டும், ரெண்டு நேரத்தோட சராசரிய எடுங்க. மேல மெசேஜுக்கு பண்ண அதே வேலதான்.

மூணாவது போர்டு சேக்குறப்ப அதுவும் நேரா ஏ-வ பாத்தே மணி வெக்கட்டும், பி வழியா வெச்சா பி-யோட தப்பும் சேந்து வரும்.