சமூக ஊடகக் கணக்கை மூடுமுன்: டெலீட் பட்டனைத் தொடுவது கடைசி வேலை

போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டால் கணக்கும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறைய இருக்கிறார்கள். கணக்கு அப்படியேதான் இருக்கும். படங்களை எல்லோரும் பார்க்கலாம், மெசேஜ்கள் வந்து குவியும், பதில் வராததால் கோபித்துக்கொள்பவர்களும் கோபித்துக்கொள்வார்கள். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. ஏதோ ஓர் இரவு எரிச்சலில் டெலீட் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வேறொரு தளத்தில் நுழைய முடியாமல் தவிப்பார்கள். டெலீட் என்பது இரண்டு நிமிட வேலை. அந்தக் கணக்கோடு பின்னிக் கிடப்பதை எல்லாம் முதலில் அவிழ்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்: குறைப்பதா, கொஞ்ச காலம் ஒதுங்குவதா, ஒரேயடியாக மூடுவதா. தொல்லை ரீல்ஸும் ஷார்ட்ஸும் மட்டும்தான் என்றால் கணக்கை மூட வேண்டிய அவசியமே இல்லை.

குறைக்க மட்டும் நினைப்பவர்களுக்கு

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிடுங்கள். 2023-லிருந்து, ஹிஸ்டரி இல்லாதவர்களுக்கு முகப்புப் பக்கம் ஏறக்குறைய காலியாகத்தான் வரும். வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம், சப்ஸ்கிரைப் செய்த சேனல்களுக்குப் போகலாம். தானாக எதுவும் வந்து இழுக்காது. நிறுத்தினால் மட்டும் போதாது, பழையதையும் அழிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆப்புக்கு நேர வரம்பு வைப்பது ஏன் பலருக்குப் பலிப்பதில்லை? வரம்பு முடிந்ததும் வரும் திரையிலேயே அதைத் தாண்டிப்போகும் வழியும் இருக்கிறது. ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குத் தனி பாஸ்கோடு வைத்து, வரம்பு முடிந்ததும் தடுக்கும் தெரிவையும் இயக்க வேண்டும். அந்த பாஸ்கோடை வீட்டில் வேறொருவர் போடட்டும். நீங்களே போட்டால் இரண்டாம் நாளே விரல் தானாக அடித்துவிடும். ஆண்ட்ராய்டில் ஆப் டைமர் நள்ளிரவில் நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும், ஆகவே பதினொன்றரை மணிக்குத் தடுத்தது பன்னிரண்டுக்கு மேல் திறந்துகொள்ளும். இரவில் பார்ப்பதுதான் சிக்கல் என்றால் டைமரை நம்பாதீர்கள், பெட்டைம் மோடு வையுங்கள். எந்த போனாக இருந்தாலும் பிரவுசர் என்கிற பின்வாசலையும் சேர்த்து அடைக்க வேண்டும். வாங்கும்போதே போனில் வந்த ஃபேஸ்புக் ஆப்பைச் சில மாடல்களில் நீக்க முடியாது. டிசேபிள் செய்தால் போதும்.

வாட்ஸப்பைப் பொறுத்தவரை மூடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்போம். வேலை, பள்ளி, குடும்பம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. குரூப்புகளை ஆர்க்கைவ் செய்துவிட்டு, செட்டிங்ஸில் ஆர்க்கைவ் ஆன சாட்கள் புது மெசேஜ் வந்தாலும் உள்ளேயே இருக்கும்படி வையுங்கள். குரூப்பை விட்டு வெளியேறினால் 2022 முதல் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. ஆனால் முன்னாள் உறுப்பினர்கள் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயர் இருக்கும், தேடிப் பார்ப்பவருக்குத் தெரியும். பிரைவசி பகுதியில் குரூப்ஸ் என்பதற்குள் போய், உங்களை யார் யார் சேர்க்கலாம் என்பதையும் சுருக்கிவிடுங்கள். இல்லையென்றால் காலையில் வெளியேறிய குரூப்பில் யாராவது மாலையில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள்.

மூடுவது என்று முடிவானால்: அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள்

பெரிய முடிச்சு, ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் (முன்பு ட்விட்டர்) கணக்கைக் கொண்டு நுழையும் மற்ற தளங்கள். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ் என்ற பகுதியிலும், எக்ஸில் கனெக்டட் ஆப்ஸ் என்ற பகுதியிலும் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றிலும் நுழைந்து, மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் வைத்து, வெளியே வந்து, அந்தப் புது வழியில் மறுபடி நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு வைக்கும் இடமே தென்படாவிட்டால், நுழையும் பக்கத்தில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் பெரும்பாலும் மெயிலில் இணைப்பு வரும். அந்த மெயில் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு முன் கொடுத்த முகவரி பாஸ்வேர்டு மறந்து எங்கோ கிடக்கும்.

அடுத்தது பேஜும் குரூப்பும். ஃபேஸ்புக் பேஜ் ஒன்றுக்கு நீங்கள் மட்டுமே முழு உரிமையாளர் என்றால், உங்கள் கணக்கோடு அதுவும் போய்விடும். சங்கம், கடை, பள்ளி முன்னாள் மாணவர்கள் என்று எதற்காவது பேஜ் நடத்துகிறீர்களா என்று யோசித்து, இன்னொருவருக்கு முழு உரிமை கொடுங்கள். அவர் அழைப்பை ஏற்றுக்கொண்டாரா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, பாக்கியைக் கட்டி, கார்டு விவரத்தை நீக்குங்கள்.

பலருக்கு நினைவே வராதது, ஆட்களின் தொடர்பு. அங்கே மட்டுமே பேசுகிற நண்பர்கள், தூரத்து உறவினர்கள், பிறந்தநாள்கள். நண்பர் பட்டியலை ஒருமுறை முழுக்க உருட்டிப் பார்த்து, வேண்டியவர்களிடம் போன் எண்ணை வாங்கி வையுங்கள். எல்லோருக்கும் அறிவிப்புப் போடுவது உங்கள் விருப்பம். போட்டால் "போகாதீர்கள்" என்று இருபது பேர் எழுதுவார்கள், அதைப் பார்க்கவே இன்னும் நாலு நாள் தங்கிவிடுவீர்கள்.

தரவிறக்கம்: அவசரப்பட்டால் கெடுவது இங்கேதான்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் செட்டிங்ஸில் உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் உங்கள் தகவல்களை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கோரிக்கை கொடுக்குமுன் மூன்று இடத்தைப் பாருங்கள். கால அளவு ஓராண்டு என்று இருந்தால் மொத்தக் காலத்துக்கும் மாற்றுங்கள். படத்தின் தரத்தை உயர்வாக வையுங்கள். வடிவம் ஹெச்டிஎம்எல் (உலாவியில் திறந்து படிக்கும் பக்கங்கள்) ஆகவே இருக்கட்டும். நிரல்கள் படிப்பதற்கான ஜேசான் வடிவில் எடுத்தால் தமிழில் எழுதியதெல்லாம் புரியாத குறியீடுகளாக வந்து நிற்கும். எழுத்து அழிந்துவிடவில்லை, எழுதப்பட்ட குறிமுறையின் கோளாறு அது. நிரல் எழுதத் தெரிந்தவர் சரிசெய்துவிடலாம், மற்றவர்களுக்கு வீண் தலைவலி.

கோப்பு தயாராகச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும். தயாரானதும் சில நாளுக்குள் இறக்கிவிட வேண்டும், பிறகு இணைப்பு காலாவதியாகும். பல ஜிப் கோப்புகளாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் விரியுங்கள். தனித்தனியாக விரித்தால் பக்கங்களில் படங்கள் தெரியாது. கணினியில் திறந்து, மிகப் பழைய படம் ஒன்றும் மெசேஜ் ஒன்றும் கண்ணில் படும்வரை தேடுங்கள். படங்களை கேலரியில் ஏற்றினால் எடுத்த தேதி இருக்காது, எல்லாம் தரவிறக்கிய நாளிலேயே போய் உட்காரும். சரியான தேதி அந்த ஹெச்டிஎம்எல் பக்கங்களில்தான் இருக்கிறது. ஆகவே படங்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை அழிக்காதீர்கள். மற்றவர்கள் போட்டு உங்களை டேக் செய்த படங்கள் இதில் வராது. வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேமிக்க வேண்டும்.

வாட்ஸப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் வருவது படிப்பதற்கு மட்டும். அதை மறுபடி வாட்ஸப்புக்குள் ஏற்ற முடியாது. நீளமான பழைய உரையாடலில் முழுதும் வந்ததா என்று முதல் தேதியைப் பார்த்துச் சரிபாருங்கள்.

முதலில் டிஆக்டிவேட், பிறகு டெலீட்

நேரே டெலீட்டுக்குப் போகாமல் இரண்டு வாரம் டிஆக்டிவேட் செய்து, அதாவது தற்காலிகமாக முடக்கி, வைப்பது நல்லது. மன உறுதியைச் சோதிக்க அல்ல. டிஆக்டிவேட் ஆன ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு வேறெந்தத் தளத்திலாவது நுழைந்தால் கணக்கு உயிர்பெற்றுவிடும். அப்படி உயிர்பெற்றால், அவிழ்க்காத முடிச்சு ஒன்று பாக்கி என்று அர்த்தம். அதை மாற்றிவிட்டு மறுபடி டிஆக்டிவேட் செய்யுங்கள். சில நாளில் தானாகத் திரும்ப இயங்கும்படி ஒரு தெரிவு குறுக்கே வரலாம், அதை ஏற்க வேண்டாம். மெசஞ்சரைத் தொடரலாமா என்றும் கேட்கும்; அதற்கு ஆம் சொன்னால் பாதிதான் விலகியிருக்கிறீர்கள்.

இரண்டு வாரம் அமைதியாகக் கழிந்தால்:

1. உலாவிகளில் சேமித்த பாஸ்வேர்டையும், எல்லா போனிலும் இருக்கும் ஆப்பையும் நீக்குங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவதாகக் கேட்கும் டூ ஃபேக்டர் குறியீட்டைத் தரும் ஆப்பை மட்டும் இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள். மனம் மாறினால் உள்ளே போக அது வேண்டும்.
2. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அக்கவுண்ட்ஸ் சென்டர், பர்சனல் டீடெய்ல்ஸ், அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல் என்று போய் டெலீட் தெரிவு செய்யுங்கள். இரண்டும் அங்கே தனித்தனியாகப் பட்டியலில் நிற்கும், எதை அழிக்கிறோம் என்று பெயரைப் பார்த்து அழுத்துங்கள்.
3. எக்ஸில் தனியாக டெலீட் கிடையாது. டிஆக்டிவேட் செய்து 30 நாள் உள்ளே போகாமல் இருந்தால் அதுவே டெலீட். அந்தப் பயனர்பெயரையோ மெயிலையோ வேறு கணக்குக்கு வைத்துக்கொள்ள நினைத்தால், டிஆக்டிவேட் செய்யுமுன்பே பழைய கணக்கில் மாற்றிவிடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாவற்றுக்கும் இந்த 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் லாக்இன் செய்தால் டெலீட்டை ரத்து செய்யலாம் என்று வரும், சிலவற்றில் நுழைவதே ரத்துதான். "போய்விட்டதா" என்று எட்டிப் பார்க்கவே கூடாது; பார்க்க வேண்டுமென்றால் நண்பர் ஒருவரின் கணக்கிலிருந்து தேடச் சொல்லுங்கள். 30 நாளுக்குப் பிறகும் ஃபேஸ்புக்கின் சர்வர்களிலிருந்து எல்லாம் நீங்க 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் அனுப்பிய மெசேஜ்கள் மற்றவர்களின் இன்பாக்ஸில் அதன் பிறகும் இருக்கும். நீக்க வேண்டியது ஏதாவது இருந்தால், கணக்கு உயிரோடு இருக்கும்போதே அன்சென்ட் செய்யுங்கள்.

ஊரறிந்த பெயர் உள்ளவர்கள் டெலீட் செய்வதைவிட, பதிவுகளை அழித்து, கணக்கைப் பூட்டி, காலியாக வைத்திருப்பதே மேல். விட்டுப்போன பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டு நீங்களாக நடிக்க வழி இருக்காது.

கணக்கு போன பிறகும் கூகுள் தேடலில் பழைய பக்கம் சில காலம் தலைகாட்டும். பக்கம் திறக்காமல் தேடல் முடிவு மட்டும் மிஞ்சியிருந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகுளின் பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள். பக்கம் இன்னும் திறந்தால் அந்தக் கோரிக்கை பலிக்காது. கணக்கு உண்மையிலேயே அழிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.