பெயரைக் காத்து நீதி கேட்பது: கடலோர ஊர்களில் ஒரு போராட்டத்தை நடத்தும் முறை

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களுக்குப் போராட்டம் புதிதன்று. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துச் சென்றால் இராமேசுவரத்தில் விசைப்படகுகள் வேலைநிறுத்தத்தில் கட்டிக் கிடக்கும். 2017 மார்ச்சில் இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது தங்கச்சிமடத்தில் மக்கள் நாள் கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2022 மே மாதம் இராமேசுவரத்தை அடுத்த வடகாட்டில் கடற்பாசி எடுக்கச் சென்ற பெண் ஒருவர் கொல்லப்பட்டபோதும் ஊரே திரண்டு சாலையை மறித்தது. கூட்டம் கூட்டுவது எப்படி என்று இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் படகுக்காகப் போராடுவதற்கும் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்காகப் போராடுவதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. படகின் பதிவு எண்ணை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் நட்டமில்லை. பெண்ணின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் அவரிடம் கேளுங்கள்

கொடுமைக்கு ஆளான பெண் உயிரோடு இருந்தால், போராட்டம் வேண்டுமா, இப்போது வேண்டுமா, எந்த ஊரில் வேண்டும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் தெருவுக்கு வராமல் வழக்குக்கு மட்டும் துணை நிற்பதும் போராட்டத்தின் ஒரு வடிவந்தான். கேட்கப் போகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். அவர் நம்புகிற பெண் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

ஒருமுறை மனு எழுதுவதற்காக நான் ஒரு தாயைப் பார்க்கப் போனேன். கொட்டகையில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தார். நான் படித்துக் காட்டிய ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தவர், ஓரிடத்தில் ஊசியை நிறுத்திவிட்டார். "என் பிள்ளை பேர மட்டும் எங்கயும் எழுதிறாதீக தாயி" என்றார். நான் பெயரை எழுதியிருக்கவில்லை. ஆனால் தெருவின் பெயரையும், அவள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதையும் எழுதியிருந்தேன். எங்கள் ஊர் அளவில் அந்த இரண்டும் சேர்ந்தால் பெயர்தான். இரண்டையும் அங்கேயே அடித்துவிட்டுப் புதிய தாளில் எழுதினோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவதையோ வெளியிடுவதையோ இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. இறந்துவிட்ட பெண்ணின் பெயரையும் படத்தையும் கூடப் போராட்டக்காரர்கள் தம் விருப்பப்படி பயன்படுத்த முடியாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் ஊர்களில் யாராவது இறந்துவிட்டால் மறுநாள் காலைக்குள் ஃபிளெக்ஸ் அடித்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் இங்கே கூடாது. அரசே இந்தத் தவறைச் செய்திருக்கிறது. 2019இல் பொள்ளாச்சி வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றும் அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இடம்பெற்றது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. இரண்டு வழக்குகளிலும் அந்தப் பெண்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போராடுகிற நாம் அந்தத் தவறைச் செய்துவிட்டு அடுத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதாகை, துண்டறிக்கை, வாட்ஸ்அப் குரல் பதிவு, மேடைப் பேச்சு எல்லாவற்றையும் வெளியிடும் முன் ஒருவர் இந்த ஒரே நோக்கத்துடன் படித்தும் கேட்டும் பார்க்க வேண்டும்.

தெருவுக்கு முன் காகிதம்

போராட்டத்துக்கு நாள் குறிக்கும் முன், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கையில் காகிதத்தோடு தெரிந்துகொள்ளுங்கள். காவல் நிலையத்தில் பலருக்குக் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது மட்டுமே. அதை வழக்குப் பதிவு என்று நம்பி வீட்டுக்கு வந்து காத்திருந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். "இது மண்டபம் ஸ்டேஷன் லிமிட், அங்கே போங்கள்" என்ற பதில் சட்டப்படி செல்லாது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்று நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீது பிறகு நீதித்துறை நடுவர் முன்னும் உதவும், உங்கள் கோரிக்கை மனுவிலும் உதவும்.

காயமோ உடல்நலக் கேடோ இருந்தால் காகிதத்துக்கும் முன் மருத்துவமனை. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவச முதலுதவியும் சிகிச்சையும் உடனே தர வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் எந்த நேரத்திலும் இயங்குகின்றன.

கையெழுத்துப் போட வேண்டியவரிடம் கேளுங்கள்

"தூக்கில் போடு" என்ற முழக்கம் எழும்போது அதிலுள்ள கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அது மாவட்ட ஆட்சியராலோ கண்காணிப்பாளராலோ தர முடியாத ஒன்று. அதைக் கேட்டுக் கலைந்துவிட்டால், அவர்கள் செய்யக்கூடியதையும் செய்யாமல் இருப்பதற்கு நாமே வழிவிட்டதாகிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே அதை நிறைவேற்றக் கையெழுத்துப் போட வேண்டிய அலுவலரின் பதவியை எழுதுங்கள். பதவியை எழுத முடியாத கோரிக்கையை மறுபடி செதுக்குங்கள்.

2024 டிசம்பரில் இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே தனியார் உடை மாற்றும் அறையில் மறைத்து வைத்த கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியொரு நிகழ்வில் "பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை தனியார் அறைகளுக்கு நகராட்சி உரிமம் உள்ளது, அவற்றைக் கடைசியாக ஆய்வு செய்தது எந்த நாள், நகராட்சியே நடத்தும் கட்டணமில்லா அறைகள் எத்தனை, எப்போது கட்டப்படும் என்று கேட்டால் நகராட்சி ஆணையர் பதில் சொல்லியாக வேண்டும். பாசிக்குப் போகும் பெண்களின் வழியில் விளக்கு, கருவாட்டுக் கொட்டகைக்கருகே கழிப்பறை, அதிகாலைப் பேருந்து என்று அந்தந்த ஊரின் தேவை அங்குள்ள பெண்களுக்கே தெரியும். மீன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்கு நேரும் தொல்லையானால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களின் புகார்களை விசாரிக்க மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவரையும் உறுப்பினர்களையும் அறிவிக்கச் சொல்லுங்கள். அங்கே புகாரை மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

துல்லியமாகக் கேட்ட போராட்டங்கள்தான் சட்டத்தை மாற்றின. 1972இல் மகாராட்டிரத்தில் ஒரு காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் 1979இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கிய பிரிவும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. 2012 டிசம்பர் தில்லிப் போராட்டத்துக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு, ஏறத்தாழ 80,000 கருத்துகளைப் பெற்று ஒரே மாதத்தில் அறிக்கை தந்தது. அந்தக் குழு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை என்பதை நம் மேடைகளில் யாரும் நினைவூட்டுவதில்லை.

நாளும் அனுமதியும்

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டம் தருகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாளையும் அக்டோபர் 30 தேவர் குருபூசையையும் ஒட்டி ஆண்டுதோறும் தடை உத்தரவு போடப்படுகிறது. முன்பு 144 என்று அழைக்கப்பட்டது இப்போது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. அந்த நாட்களில் தெருக்கூட்டத்துக்கு முயல்வதைவிட, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம், அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். கிராம சபைத் தீர்மானத்தை எழுதும் பதிவேட்டில் உங்கள் வாசகம் அப்படியே ஏறியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

அனுமதிக் கடிதத்தைக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக முடியும். நாள் குறிக்கும்போது கடலைப் பார்க்க வேண்டும். நீர் வற்றும் நாளில் கூட்டம் வைத்தால், பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். அவர்கள் வரவில்லை என்றால் யாருக்காக அந்தக் கூட்டம்? கீழக்கரையிலும் தொண்டியிலும் வெள்ளி நண்பகல் ஒத்துவராது, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஞாயிறு காலை ஒத்துவராது. நவம்பர் 25, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான உலக நாள், மழைக்காலத்தில் வருகிறது. அன்று கூடுவதானால் மண்டபம் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஊரும் சாதியும்

எல்லாவற்றிலும் கடினமானது இது. ஊர்க்கூட்டமோ ஜமாஅத்தோ தேவாலயப் பங்குப் பேரவையோ துணை நின்றால் போராட்டத்துக்கு ஆயிரம் கைகள். ஆனால் அதே இடத்தில் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்ற குரலும் எழும். பாலியல் வன்கொடுமை வழக்கு பணம் வாங்கிக்கொண்டு சமரசம் செய்யக்கூடிய வழக்கன்று. குழந்தைக்கு நேர்ந்த குற்றத்தைத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பதே போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. இதைப் பெரியவர்களிடம் மரியாதையோடு, கூட்டத்துக்கு முன் தனியாகச் சொல்லிவிடுங்கள். சபையில் வைத்து மறுத்தால் அது அவர்களுடைய கௌரவப் பிரச்சினையாகிவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவர் வேறு சாதியையோ, மதத்தையோ, வெளி மாநிலத்தையோ சேர்ந்தவராக இருந்தால், ஒரே ஒரு முழக்கம் போராட்டத்தை வேறு பாதையில் இழுத்துச் சென்றுவிடும். பிறகு செய்தி கலவரத்தைப் பற்றியதாக இருக்கும், பெண்ணைப் பற்றியதாக இராது. முழக்கங்களை எழுதி, அச்சிட்டு, அதற்கு வெளியே எதுவும் எழுப்பக்கூடாது என்று முன்பே பேசி வையுங்கள். ஒலிபெருக்கியை ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுங்கள். ஓரங்களில் நின்று கூட்டத்தைக் கவனிக்கப் பத்துப் பேராவது வேண்டும். தலைவர்கள் வந்தால் வரவேற்போம்; மனுவைப் படிப்பவர் மட்டும் ஊர்ப் பெண்ணாகவே இருக்கட்டும். காவல்துறை கைது செய்தால், சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்ய விதிவிலக்கான சூழலும், பெண் அதிகாரியும், நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கலைந்த பிறகு

மனு கொடுத்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். பாலியல் வன்கொடுமை வழக்கில் காவல்துறை தன் விசாரணையைத் தகவல் பதிவான நாளிலிருந்து இரண்டு மாதங்களில் முடிக்க வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டு தேதிகளையும் முதல் பக்கத்தில் எழுதி, அந்த நாட்களில் இரண்டு பேர் நேரில் போய்க் கேளுங்கள். இழப்பீட்டுக்கும் இலவச வழக்கறிஞருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

வழக்கு மகளிர் நீதிமன்றத்துக்கு வரும்போது துணைக்குப் போகிறவர்களின் முறைப் பட்டியல் ஒன்று வேண்டும்: யார் முதல் பேருந்தில் அவரோடு இராமநாதபுரம் போவது, யார் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அன்றைய கூலியை இழப்பவருக்கு யார் ஈடு செய்வது. விசாரணை மூடிய அறையில் நடக்கும் என்பதால் உடன் வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதை முன்பே சொல்லி, சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, அவர் வெளியே வரும் வாசலிலேயே அமருங்கள்.