வீராணத்தைச் சைக்கிளில் சுற்றிவர: ஏரி இடக்கைப் பக்கம் இருக்கட்டும்

கோயிலை வலம் வந்து பழகியவர்களுக்கு ஏரியையும் வலமாகச் சுற்றத்தான் தோன்றும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியில் அதை மாற்றி, இடமாகச் சுற்றுங்கள். பெரிய கரை ஏரியின் கிழக்கே, ஏறத்தாழ 16 கி.மீ. நீளத்துக்கு, வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. நம் சாலைகளில் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். எனவே காட்டுமன்னார்கோயிலிலிருந்து வடக்கே சேத்தியாத்தோப்பு நோக்கிப் போனால் தண்ணீர் உங்கள் பக்கத்திலேயே வரும். நீர்க்காகங்களைப் பார்க்க நிறுத்தினாலும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம். சுற்றை முடிக்கும்வரை பெரும்பாலும் இடத்திருப்பங்களே வரும். பேருந்தும் லாரியும் ஓடும் சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்பதுதான் சைக்கிள்காரருக்கு ஆபத்தான நேரம். அது இந்தத் திசையில் வெகுவாகக் குறைகிறது.

முழுச் சுற்று சுமார் 70 கி.மீ. கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்கி, மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோயில் 16 கி.மீ.; அங்கிருந்து லால்பேட்டை, ஏரிக்கரை வழியாகச் சேத்தியாத்தோப்பு 20 கி.மீ.; பிறகு ஏரிக்கு மேற்கே சோழத்தரம் வழியாக நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கிக் கங்கைகொண்ட சோழபுரம் 32 கி.மீ. இவை தோராயக் கணக்கு. ஊருக்குள் நுழைந்து கோயில்களைப் பார்த்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடும். மணிக்கு 20 கி.மீ. ஓட்டுபவருக்கு மிதிக்கும் நேரம் மூன்றரை மணி, நிற்கும் நேரம் இரண்டரை மணி. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் திரும்பிவிடலாம். அந்தக் கணக்கை நழுவவிடக் கூடாது. கோயில்கள் பொதுவாக 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அதைவிட முக்கியம், உச்சிவேளை ஆகிவிட்டால் கங்கைகொண்ட சோழபுரத்துப் பிராகாரக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது.

எந்த மாதம் வருவது என்பதை மேட்டூரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறது. அந்தத் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, வடவாற்றில் பிரிந்து ஏரியில் விழ நாளாகும். ஏரியின் முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. சித்திரை, வைகாசியில் வந்தால் வெடித்த சேற்றுத் தரையைக்கூடப் பார்க்க நேரலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைந்திருந்தாலும் கனமழையும் உபரிநீர்த் திறப்பும் சேர்ந்தால் தாழ்வான சாலைகள் மூழ்கும். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் சரியான காலம். தண்ணீர் இருக்கும், வெயில் பொறுக்கும், பறவைகளும் இருக்கும்.

காற்றும் இந்தத் திசைக்குத்தான் சாதகம். குளிர்மாதங்களில் அது வடகிழக்கிலிருந்து வரும். விடியற்காலையில் காற்று மெல்லியதாக இருக்கும்போதே கரையில் எதிர்க்காற்றை முடித்துவிடுவீர்கள். வெயில் ஏறியபின் தெற்கே திரும்பும்போது அது முதுகில் தள்ளும். ஆடிக் காற்றில் கணக்கு தலைகீழ். அப்போது காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். அந்த மாதங்களில் சுற்றும் திசையை மாற்றாதீர்கள், தொடங்கும் ஊரை மாற்றுங்கள். சேத்தியாத்தோப்பில் கிளம்பி, காற்று எழுவதற்குள் நெடுஞ்சாலையைத் தெற்கே முடித்துவிட்டுக் கரையில் காற்றோடு வீடு திரும்பலாம். கரையின்மேல் மறைப்பு கிடையாது. வலப்பக்க வயல்வெளியைக் கடந்து வரும் பக்கக்காற்று, எதிரே பேருந்து வந்து மறைக்கும் நொடியில் நின்று, பேருந்து போனதும் மீண்டும் அறையும். சக்கரம் ஓரடி விலகுவது அங்கேதான். அந்த நேரத்தில் இரு கைகளும் பிடியில் இருக்கட்டும், சாலையின் விளிம்பை ஒட்டாதீர்கள்.

தரை முழுக்கச் சமதளம். கரையில் ஏறும் சரிவைத் தவிர மேடு என்று ஒன்று இல்லை. இதைச் சுகம் என்று நினைப்பவர்கள் நாற்பதாவது கிலோமீட்டரில் அவதிப்படுவார்கள். இறக்கம் இல்லாததால் மிதிக்காமல் உருளும் ஓய்வே கிடையாது. ஒரே இருப்பில் உட்கார்ந்து மிதிப்பதால் உட்காரும் இடம் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று பதினைந்து நொடி மிதியுங்கள். கைப்பிடியில் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பெரிய கியரில் முக்கி மிதிப்பதைவிட, நிமிடத்துக்கு 85 சுற்று வரும் இலேசான கியரில் போவது முழங்காலுக்கு நல்லது.

டயர் 28 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், 32 இருந்தால் இன்னும் நல்லது. 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் முன்னால் 65, பின்னால் 72 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கலாம். இங்கே பஞ்சருக்குக் காரணம் இரண்டு. கரையோரம் சீமைக்கருவேல முள், நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய கம்பி. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றிய ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால் கம்பித் துண்டு டயருக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். விரலால் தேடினால் கிழித்துவிடும். ஒரு பஞ்சுத் துணியை டயரின் உட்புறம் முழுதும் இழுங்கள், நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும். இரண்டு டியூப், ஆறு ஒட்டு, டயர் கழற்ற இரண்டு லீவர், கைப் பம்ப் இல்லாமல் கிளம்பாதீர்கள். சேத்தியாத்தோப்பிலும் காட்டுமன்னார்கோயிலிலும் சைக்கிள் கடை கண்டுபிடித்தாலும், 700சி அளவு டியூபும் மெல்லிய வால்வும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தை, மாசியில் வருபவர்கள் சம்பா அறுவடையின் நடுவே ஓட்டுவார்கள். சாலையில் காயப்போட்ட நெல்மேல் சக்கரம் ஏறினால் மணிகள் உருளும். அதன்மேல் பிரேக் பிடித்தாலோ திருப்பினாலோ விழுவது உறுதி. வேகத்தை முன்கூட்டியே குறைத்து, நேராக, மிதிக்காமல் கடந்துவிடுங்கள். சுற்றிப்போக இடமிருந்தால் சுற்றிப்போங்கள், அது ஒரு குடும்பத்தின் விளைச்சல். வைக்கோல் கிடந்தால் இறங்கித் தள்ளுவதே மேல். ஒரு பிரி வைக்கோல் பின்சக்கரப் பல்லடுக்கான கேசட்டுக்கும் சங்கிலிக்கும் நடுவே சுற்றிக்கொண்டால் கியர் மாற்றும் டீரெயிலர் வளைந்து ஆரக்காலில் சிக்கும். இருட்டு பிரியாத நேரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தார்ப்பாய் மூடிய நெற்குவியலும், அதைச் சுற்றி வைத்த கற்களும் சாலையிலேயே கிடக்கும். முன்விளக்கு வழியைக் காட்டும் அளவுக்கு இருக்கவேண்டும், மினுக்கும் விளக்கு போதாது. சேத்தியாத்தோப்புப் பக்கம் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வரும். கரும்பு இருபுறமும் பிதுங்கி நிற்கும் வண்டியை இடப்பக்கமாக முந்தவே கூடாது.

காட்டுமன்னார்கோயிலில் கரையேறுவதற்கு முன் ஒருமணி நேரம் ஒதுக்குங்கள். ஊரின் பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். சோழன் முதல் பராந்தகனின் விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதே ஊருக்கும் ஏரிக்கும் வந்தது. ஏரியை வெட்டுவித்தவன் அவன் மகன் இராசாதித்தன் என்பது வழங்கிவரும் செய்தி. அவன் 949-இல் தக்கோலப் போரில் இறந்தான். வீரநாராயணப் பெருமாள் கோயில் வைணவர்களுக்கு ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊரின் கோயில். அருகே உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. தன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்லி முதலாம் இராசராசன் இந்த ஊர்ச் சபைக்கு அனுப்பிய ஆணை அதன் சுவரில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள் அதில் வருகின்றன. எழுத்தைப் படிக்க வேண்டுமானால் காலைச் சாய்வெயிலே உதவும், உச்சி வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் தெரியாது. அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போவது முறையல்ல. நாலு முழ வேட்டி ஒன்றைச் சுருட்டி இருக்கைக்கடியில் கட்டிக்கொள்ளுங்கள். பெடலில் மாட்டும் கிளீட் செருப்போடு கல் தளத்தில் நடந்தால் வழுக்கும், வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

லால்பேட்டையைத் தாண்டும்வரை நெரிசலும் வேகத்தடைகளும் உண்டு. பல தடைகளுக்கு வெள்ளைக்கோடு அழிந்திருக்கும். ஏரியின் உபரிநீர் இங்கே வெள்ளியங்கால் ஓடையில் வடிகிறது. அதன் பிறகு கரை. வலப்பக்கம் தாழ்ந்து கிடக்கும் வயல்களையும் இடப்பக்கம் தளும்பும் தண்ணீரையும் மாறிமாறிப் பாருங்கள். எது உயரத்தில் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பொறியியல் அவ்வளவுதான். மதகுகளில் நிற்கும்போது சைக்கிளைச் சாலையிலிருந்து முழுவதும் விலக்கி வையுங்கள். நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

சேத்தியாத்தோப்பில் சாப்பிட்டு, இரண்டு 750 மி.லி. பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்றில் உப்பும் எலுமிச்சையும் கலந்தது இருக்கட்டும், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கவேண்டும். மேற்குப் பக்க நெடுஞ்சாலையில் ஏரி பெரும்பாலும் கண்ணில் படாது. ஓரப்பட்டையில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளைக் கவனித்து, நிதானமாக முடித்துவிடவேண்டிய தூரம் அது. நெடுஞ்சாலை பிடிக்காதவர்களும் பிள்ளைகளோடு வருபவர்களும் கரையிலேயே போய்த் திரும்பலாம், 40 கி.மீ. வரும். ரயிலில் வருபவர்கள் சிதம்பரத்தில் இறங்கி, குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் 26 கி.மீ., கரை, பிறகு புவனகிரி வழியாகத் திரும்பினால் சுமார் 70 கி.மீ. ஆகும். கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் விட்டுப்போகும்.

ஆனால் அதை விடுவது பெரிய இழப்பு. முதலாம் இராசேந்திரன் கட்டிய கோயிலின் விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். வடக்குப் படியருகே, சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனையின் செங்கல் அடித்தளம் மாளிகைமேட்டில், சுமார் இரண்டு கி.மீ. தூரத்தில் இருக்கிறது. காலில் தெம்பு மீதமிருந்தால் தெற்கே 10 கி.மீ. தள்ளி அணைக்கரைக்குப் போகலாம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த கீழணை அது. அதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கற்களை எடுத்துப்போனார்கள். பழைய பாலம் குறுகல், அதன்மேல் நின்று படம் எடுக்காதீர்கள். வடகரையில் வடவாறு பிரியும் தலைமதகருகே நிறுத்துங்கள். காலையில் நீங்கள் பார்த்த ஏரிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தக் கால்வாய்க் கரையிலேயே வடக்கே போய்விடலாம் என்று மட்டும் மெல்லிய டயரை நம்பி இறங்காதீர்கள். வந்த தார்ச்சாலையிலேயே திரும்புங்கள்.