முதல் ஜியோகேச்சிங் சந்திப்பை நடத்துவது எப்படி? பெசன்ட் நகர் கடற்கரையை வைத்து ஒரு செய்முறை

ஜியோகேச்சிங் என்பது ஜிபிஎஸ் வைத்துப் புதையல் தேடும் விளையாட்டு. அதை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாகவே ஆடுகிறார்கள். போனில் இடத்தைப் பார்க்கிறோம், போய் ‘கேச்’ என்று சொல்லும் ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுகிறோம், உள்ளே இருக்கும் சீட்டில் நம் புனைபெயரை எழுதுகிறோம், டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். சீட்டில் நமக்கு முன்னால் எழுதியிருப்பவர் பக்கத்துத் தெருக்காரராகக்கூட இருக்கலாம், தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வழிதான் சந்திப்பு, அதாவது ஈவென்ட். ஜியோகேச்சிங் இணையதளத்தில் ஈவென்டும் ஒரு வகை கேச்தான். வந்தவர்கள் ‘கண்டுபிடித்தேன்’ என்பதற்குப் பதில் ‘கலந்துகொண்டேன்’ என்று பதிவு போடுவார்கள். அதுவும் அவர்கள் கணக்கில் சேரும்.

இதுவரை எதையும் முன்னின்று நடத்தியிராத ஒருவர், பத்துப் பதினைந்து பேரை வைத்து ஒரு காலைப் பொழுதில் இதைச் செய்வதற்கான வழி இது. எடுத்துக்காட்டுக்கு சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேலையில் சரிபாதி, சந்திப்பு முடிந்தபிறகுதான் இருக்கிறது. நடந்ததைத் திரும்பிப் பார்க்க என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே யோசித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கொஞ்சம் பின்கதை

2000 மே 2-ஆம் தேதி, ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை சாதாரண ஆள் வாங்கும் கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் ஊருக்கு அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையக் குழுவில் எழுதினார். உள்ளே புத்தகம், பீன்ஸ் டப்பா, கவண் என்று கலவையான சாமான். மூன்று நாளுக்குள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் தளத்தைத் தொடங்கினார். 2003-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஆட்டக்காரர்களின் பெரிய சந்திப்பான ‘ஜியோவுட்ஸ்டாக்’ முதல் முறையாகக் கூடியது. இன்று 500 பேருக்கு மேல் வந்தால் ‘மெகா’, 5,000-ஐத் தாண்டினால் ‘கிகா’ என்று சந்திப்புகளுக்குத் தனி வகையே உண்டு. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஐந்து பேர் வந்தாலும் அது ஈவென்ட்தான்.

படி 1: எந்த வகை?

சாதாரண ஈவென்ட், சைட்டோ என்று இரண்டு வகை உங்களுக்குப் பொருந்தும். சைட்டோ என்பது ‘கேச் இன் ட்ராஷ் அவுட்’ என்பதன் சுருக்கம். கூடி, குப்பை பொறுக்கி, கலைவது. சாதாரண ஈவென்ட் குறைந்தது 30 நிமிடம் நடக்க வேண்டும், சைட்டோ ஒரு மணி நேரம்.

கடற்கரை என்றதும் எல்லாருக்கும் சைட்டோ ஆசை வரும். முதல் தடவை வேண்டாம் என்பேன். கையுறை வாங்க வேண்டும், சாக்கு வேண்டும், சேர்ந்த குப்பையை யார் எடுத்துப்போவார்கள் என்று மாநகராட்சியிடம் முன்கூட்டியே பேச வேண்டும். புதிதாக வந்தவர் விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக்கூட நேரம் இருக்காது. முதலில் ஆட்கள் பழகட்டும், குப்பை எங்கேயும் போய்விடாது.

படி 2: இடமும் நேரமும்

தேட வேண்டிய அவசியமே இல்லாத இடமாகப் பாருங்கள். டப்பாவைத்தான் தேட வேண்டும், கூட்டத்தை அல்ல. எலியட்ஸில் கார்ல் ஷ்மிட் நினைவிடத்தைச் சொன்னால் ஆட்டோக்காரருக்கும் தெரியும், வெளியூர்க்காரருக்கும் தூரத்திலேயே கண்ணில் படும். 1930-இல் இந்தக் கடலில் பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது அது. கூடும்போது இதைச் சொல்லுங்கள். குழந்தைகளை அலைப்பக்கம் விடாமல் இருப்பதற்குத் தனியாக எச்சரிக்கை தேவைப்படாது.

கூடும் இடத்தை மணலில் வைக்காமல் சாலையோர நடைபாதையில் வையுங்கள். காரணம் உண்டு. ஒவ்வொரு கேச்சுக்கும், அங்கே போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்று காட்டும் நிலப்பரப்பு மதிப்பை 1 முதல் 5 வரை கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வர முடிந்தால் மட்டுமே 1. மணலில் கூடிவிட்டு 1 என்று போட்டால், அதை நம்பி வருகிறவரை ஏமாற்றுவதாகிவிடும்.

நேரம் ஞாயிறு காலை 6:30 முதல் 8:30. எட்டரைக்கு மேல் வெயில் யாரையும் நிற்க விடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையை நம்பித் தேதி வைக்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை தன்னார்வலர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறார்கள். அந்த மாதங்களில் கூடலாம், ஆனால் யாரும் மணலைத் தோண்டக் கூடாது. தோண்டிப் புதைப்பதற்கு விளையாட்டின் விதியிலேயே தடை இருக்கிறது என்பதால் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது.

படி 3: எண்களைச் சரியாக எடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஜியோகேச்சிங்கில் இடத்தைப் பாகை, தசம நிமிடம் என்ற முறையில் எழுதுவோம். வடக்கு 13° 00.000, கிழக்கு 80° 16.300 என்பது போல. போனில் இருக்கும் வரைபடச் செயலியோ பாகையை மட்டும் தசமத்தில் காட்டும். 16.300 நிமிடம் என்றால் அதை 60-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 80.27167 பாகை. வகுக்காமல் 80.16300 என்று அப்படியே தட்டினால் சுமார் 12 கிலோமீட்டர் மேற்கே போய்விடும். பெசன்ட் நகருக்கு வர வேண்டியவர் மீனம்பாக்கம் விமான நிலையத்துப் பக்கம் நின்றுகொண்டு உங்களுக்கு போன் பண்ணுவார்.

இடத்தைக் குறிக்கும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரிரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எண் ஆடுவது நின்றபிறகு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு நாள், வேறு நேரத்தில் போய் மறுபடி எடுத்துச் சராசரி பாருங்கள். திறந்த வெளியில் போன் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும். மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்.

படி 4: தளத்தில் பதிவு செய்தல்

சந்திப்புத் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பக்கத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் படித்துப் பார்த்து வெளியிடுவார். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நாள் வேண்டும் என்பதால் நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். கடை விளம்பரம், நன்கொடை வசூல் எதுவும் கூடாது. டீக்கடையில் கூடினாலும் கடையைப் புகழ்ந்து எழுதாதீர்கள்.

விவரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஊருக்கு வேலையாகவோ சுற்றுலாவாகவோ வரும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் போகிற ஊரில் ஈவென்ட் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வழக்கம். கேச்கள் குறைவாக இருக்கும் நம் ஊரில், வருகிறவர்களில் அப்படிப்பட்டவர் ஓரிருவர் இருந்தாலே போதும், புதியவர்களுக்குப் பெரிய பாடம் கிடைத்துவிடும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அந்த ஆங்கிலப் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

படி 5: காவல் நிலையம்

‘கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள்’ என்ற அறிவிப்பைக் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. செடிக்குப் பின்னால் குனிந்து ஒரு டப்பாவை வைப்பவரைப் பார்த்தால் நானே சந்தேகப்படுவேன். ஒரு வாரம் முன்பே உள்ளூர் காவல் நிலையத்துக்கு நேரில் போய், ஒரு டப்பாவையும் கையில் கொண்டுபோய்க் காட்டி, நாள், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி கிடையாது என்று ஒரு கடிதம் கொடுங்கள். முத்திரை போட்ட நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரோந்து வருகிறவர் கேட்டால் அதைக் காட்டலாம். மாநகராட்சியிடமும் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

படி 6: விளையாட்டு டப்பாக்கள்

ஈவென்டில் டப்பா ஒளிப்பது கட்டாயமில்லை. ஆனால் புதியவர்கள் வருகிறார்கள் என்றால் ஆறேழு தற்காலிக டப்பாக்கள் வையுங்கள். தளத்தில் நிரந்தரமாகப் பதிவு செய்யும் டப்பாக்களுக்கு இடையே 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. இவை தற்காலிகம் என்பதால் அந்த விதி இல்லை. அதேபோல் இவற்றைத் தளத்தில் ‘கண்டுபிடித்தேன்’ என்று பதிவு செய்யவும் முடியாது. இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவாக வாங்குங்கள். மூடியில் ‘இது விளையாட்டு டப்பா’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, உங்கள் போன் எண்ணையும் சந்திப்புத் தேதியையும் போடுங்கள். கோயில், பேருந்து நிறுத்தம், பள்ளிச் சுவர், மின்பெட்டி பக்கம் எதையும் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பென்சில், எண் போட்ட ஒரு சீட்டு. சீட்டில் இரண்டே பத்தி: பெயர், நேரம். நேரப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எந்த டப்பா எங்கே என்று ஒரு தாளில் எழுதி, உங்களைத் தவிர இன்னொருவரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

படி 7: அன்றைய காலை

அரை மணி முன்னால் போய் டப்பாக்களை வைத்துவிடுங்கள். முந்தின இரவே வைத்தால் காலையில் பாதி இருக்காது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் புனைபெயரைச் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கரும் ஸ்கெட்ச் பேனாவும் வையுங்கள். ஒரு வருகைப் பலகையில் எல்லாரும் கையெழுத்துப் போடுவது இந்த ஆட்டத்தில் அழகான வழக்கம். ஆனால் கையெழுத்துப் போட்டால்தான் கலந்துகொண்டதாகப் பதிவு செய்யலாம் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பேச்சை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். பழகியவர் ஒருவர், புதியவர் இருவர் என்று சேர்த்து, டப்பாக்கள் இருக்கும் இடங்களின் எண்களைக் கொடுத்து அனுப்புங்கள். குடும்பமாக வந்தவர்களைப் பிரிக்க வேண்டாம். டிராவல் பக் எதையாவது யாராவது கொண்டுவந்திருந்தால் குழந்தைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். கேச்சிலிருந்து கேச்சுக்குப் பயணம் போகும், எண் பொறித்த உலோகத் தகடு அது. 2008-இல் வீடியோ கேம் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கேரியட் ஒன்றை விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார் என்று சொன்னால் பிறகு குழந்தைகள் உங்களை விட மாட்டார்கள். தகட்டின் எண் தெரியும்படி மட்டும் படம் எடுத்துப் போடக் கூடாது. எண்ணைப் பார்த்தவர் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்ததாகப் பதிவு போட்டுவிடலாம்.

8:15-க்கு எல்லா டப்பாவையும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் கிளம்பாதீர்கள்.

படி 8: திரும்பிப் பார்த்தல்

அன்று மாலையே, மறதி வருவதற்குள், சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்புங்கள். இப்போது அந்த நேரப் பத்தி பேசும். ஒரு டப்பாவில் 7:05 முதல் 7:10 வரை எல்லாப் பெயரும் குவிந்திருந்தால், முதலில் வந்தவர் கண்டுபிடித்ததை மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். கூடும் இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்த டப்பாவில் இப்படித்தான் நடக்கும். இரண்டே பெயர் இருக்கும் சீட்டு வேறு கதை. ஒளித்தது கடினமா, கொடுத்த இட எண் தவறா, அல்லது வழியில் இளநீர்க்காரர் உட்கார்ந்திருந்ததால் யாரும் குனியக் கூச்சப்பட்டார்களா? அந்த இருவரையே கேளுங்கள். ஒரே குழுவின் பெயர்களை எல்லாச் சீட்டிலும் பின்தொடர்ந்தால் அவர்கள் போன வழி தெரியும். இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் அரை மணி காணாமல் போயிருந்தால், அங்கே அவர்கள் திணறினார்கள் அல்லது உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள் என்றால் அடுத்த முறையும் அந்த இடத்தில் ஒரு டப்பா வையுங்கள்.

வந்தவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘சூப்பர்’ என்பார்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த இடத்தில் கிளம்பிவிடலாம் என்று தோன்றியது, புதிதாக யாரிடம் பேசினீர்கள், எது புரியவில்லை என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘யாரிடமும் இல்லை’ என்று பாதிப் பேர் சொன்னால், டப்பா எவ்வளவு அருமையாக ஒளித்திருந்தாலும் சந்திப்பு சரியாக நடக்கவில்லை.

படங்களைப் போடும் முன் முகம் தெரிகிறவர்களிடம் கேட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். பல ஆட்டக்காரர்கள் தங்கள் புனைபெயருக்குப் பின்னால் இருக்கவே விரும்புகிறார்கள்.

தளத்தில் வரும் ‘கலந்துகொண்டேன்’ பதிவுகளை வருகைப் பலகையோடு ஒப்பிடுங்கள். வந்தும் பதிவு போடாத புதியவர்களுக்குப் பெரும்பாலும் எப்படிப் போடுவது என்றே தெரிந்திருக்காது. அவர்களுக்குச் செய்தி அனுப்பிச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் நிரந்தர கேச் எதாவது இருந்தால் அதன் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் பக்கத்தைப் பார்த்தால், சந்திப்பு எத்தனை பேரை ஆட்டத்துக்குள் இழுத்தது என்று தெரிந்துவிடும். தலை எண்ணிக்கையைவிட எனக்கு இந்தக் கணக்குதான் முக்கியம்.

முடிந்த ஈவென்ட் பக்கத்தை ஒரு மாதத்துக்குள் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் அடுத்த தேதி முடிவாகிவிட்டால், அந்தப் பக்கத்திலேயே அறிவிப்பாகப் போட்டுவிடுங்கள். வருவதாகச் சொல்லியிருந்த எல்லாருக்கும் அது தானாகவே மின்னஞ்சலில் போய்ச் சேரும்.