எலக்ட்ரான் நடுக்கத்தைத் தாளிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1928-ல் இயற்பியலாளர் டிராக் எலக்ட்ரானுக்காக எழுதிய சமன்பாட்டிலிருந்து எலக்ட்ரானின் வேகத்தைக் கணக்கிட்டால், விடை எப்போதும் ஒளிவேகம்தான், முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ. இதை 1930-ல் ஷ்ரோடிங்கர் குடைந்து பார்த்தபோது, எந்த விசையும் படாத எலக்ட்ரானின் இருப்பிடம்கூடப் படுவேகமாக நடுங்குவதாக வந்தது. சிட்டர்பெவேகுங் என்ற பெயர் அதற்குத்தான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கலப்பெண் தெரிந்தால் போதும்.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே பரிமாணத்துக்குச் சுருக்குங்கள், உந்தத்தைச் சுழியாக்குங்கள். இப்போது எலக்ட்ரானின் நிலை என்பது வெறும் இரண்டு கலப்பெண்கள். மேலே இருப்பது நேர் ஆற்றல் பங்கு, கீழே இருப்பது எதிர் ஆற்றல் பங்கு. இரண்டின் அளவுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 வர வேண்டும்.

இரண்டாவது படி: நேரத்தை ஓட விடுங்கள். இரண்டு எண்களும் கடிகார முட்கள் மாதிரி சுழலும், ஆனால் ஒன்று வலமாக, மற்றது இடமாக. ஒவ்வொன்றின் சுழல் வேகமும் எலக்ட்ரானின் ஓய்வாற்றலை (mc²), சுருக்கிய பிளாங்க் மாறிலியால் (ħ) வகுத்தால் வருவது. எதிரெதிராகச் சுழல்வதால் இடைக்கோணம் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் மாறும்: வினாடிக்குச் சுமார் 1.55 × 10²¹ ரேடியன்.

மூன்றாவது படிதான் விஷயமே. சராசரி வேகம் = ஒளிவேகம் × 2 × மேல் எண்ணின் அளவு × கீழ் எண்ணின் அளவு × இடைக்கோணத்தின் கொசைன். இரண்டு பங்கும் சமம் என்றால் வேகம் கொசைன் அலையாக ஏறி இறங்கும். அதைத் தொகையிட்டால் இருப்பிடம் சுமார் 1.9 × 10⁻¹³ மீட்டர் வீச்சில் ஆடும். ஹைட்ரஜன் அணுவின் அளவைக் குறிக்கும் போர் (Bohr) ஆரத்தில் இது 274-ல் ஒரு பங்கு.

சரி, கீழ் எண்ணைச் சுழியாக்கிப் பாருங்கள். நடுக்கம் மொத்தமாகக் காணாமல் போகும்! அதனால்தான் 'எலக்ட்ரான் எந்நேரமும் உதறிக்கொண்டே இருக்கிறது' என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. இது இரண்டு பங்குகளுக்கு இடையிலான குறுக்கீட்டு விளைவு, அவ்வளவுதான்.

இவ்வளவு வேகமான சிறு ஆட்டத்தைத் தனி எலக்ட்ரானில் நேரடியாக யாரும் பார்த்ததில்லை. 2010-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் பொறியில் பிடித்த ஒரு கால்சியம் அயனியை லேசரால் இதே சமன்பாட்டின்படி நடக்க வைத்து, ஆட்டத்தை அதில் பார்த்தார்கள்.

அப்புறம் நீங்களே மேலே 0.8, கீழே 0.6 போட்டுப் பாருங்கள்: வீச்சு வெறும் 4 சதவீதம்தான் குறையும்.