திருப்பூரில் பனியன் ஆர்டருக்கு விலை சொல்வது எப்படி?

பனியன் தொழிலில் புதிதாக இறங்குபவர்களில் பலர், பக்கத்துக் கம்பெனி சொல்லும் விலையை விசாரித்து, அதில் இரண்டு ரூபாயைக் குறைத்துத் தங்கள் விலையாகச் சொல்கிறார்கள். அந்தக் கம்பெனி எந்த நூல் விலையில், எத்தனை பீஸுக்கு, எத்தனை நாள் கடனில் அந்த விலையைச் சொன்னது என்பது தெரியாதவரை, அந்த எண்ணால் நமக்குப் பயனில்லை.

கணக்கை எடையிலிருந்து தொடங்குங்கள். தைத்து முடித்த டி-சர்ட் 200 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சாயப்பட்டறையில் குறையும் எடையையும் கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து அதற்கு 240 கிராம் நூல் தேவைப்படலாம். நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி இறுக்குவது) ஆகியவற்றுக்குக் கிலோ கணக்கில் கூலி கொடுப்பதால், அந்தந்தக் கட்டத்தில் உள்ளே போகும் எடைக்குத்தான் கூலியைக் கணக்கிட வேண்டும். முடிந்த பீஸின் எடைக்குக் கணக்கிட்டால் அங்கேயே நஷ்டம் தொடங்கிவிடும். தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவை பீஸ் கணக்கு. வாடகை, கரண்ட் பில், மேனேஜர் சம்பளம் ஆகியவற்றை, வேலை குறைவான மாதங்களையும் கருத்தில்கொண்டு, உண்மையில் ஓடும் பீஸ்களுக்குப் பிரித்துப் போடுங்கள்.

நூற்பாலைகள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் புதிய நூல் விலையை அறிவிக்கின்றன. கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால், மேற்சொன்ன பீஸுக்கு 4 ரூபாய் 80 பைசா கூடும். பத்து ரூபாய் லாபம் வைத்திருந்தவருக்கு அதில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். ஆகவே கொட்டேஷனில் விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

பணம் வரும் நாளும் விலையைச் சேர்ந்ததே. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் நடத்துபவர், 100 ரூபாய்ப் பீஸுக்கு 90 நாள் கடன் கொடுத்தால் 6 ரூபாயை வட்டியாக இழக்கிறார். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது.

பார்ட்டி (ஆர்டர் கொடுப்பவர்) விலையைக் குறைக்கச் சொன்னால், அதற்கு ஈடாக அட்வான்ஸையோ கூடுதல் பீஸ்களையோ கேளுங்கள். 90 ரூபாய் அடக்கமுள்ள பீஸை 100 ரூபாய்க்குப் பதில் 95 ரூபாய்க்குக் கொடுத்தால், அதே லாபத்துக்கு இரண்டு மடங்கு பீஸ் ஓட்ட வேண்டும். காரணமில்லாமல் குறைத்த விலையிலிருந்துதான் அடுத்த ஆர்டரின் பேரமும் தொடங்கும். குறைத்த ரூபாயைப் பவர் டேபிளில் (மோட்டார் தையல் மெஷின் வரிசையில்) உட்கார்ந்து தைப்பவர்களின் கூலியில் பிடிப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. கட்டுப்படியாகாத ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சரக்கு போன பிறகு, உண்மையில் செலவான நூல், வேஸ்ட், ரிஜெக்ட் ஆன பீஸ்கள், பணம் வந்த தேதி ஆகியவற்றை அந்த ஆர்டரின் காஸ்டிங் ஷீட்டிலேயே குறித்து வைத்து, அதே பார்ட்டிக்கு அடுத்த விலை சொல்லும் முன் எடுத்துப் பாருங்கள்.